பேர் வந்தது எங்கள் வீட்டுக்கு

எங்கள் தெருமுனையில் இட்லி அவித்து விற்கும் அக்காவிடம் தினமும் காலையில் எட்டு இட்லி வாங்குகிறேன். முன்பெல்லாம் கேட்காமலே இரண்டு கூடப் போடுவார். இப்போது எட்டு என்றால் எட்டுதான். மீதிப் பணத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்து நிற்பவரைப் பார்க்கத் திரும்பிவிடுவார். கோபமா வருத்தமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் தம்பி மகனுக்குப் பதிலாக அந்த அக்காவின் மகன் பட்டாளத்துக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். ஊர்ப் பேரை எழுதவில்லை, காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பர்மாவில், பெகுவிலிருந்து மோல்மேனுக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் வயல், ஒரு முனீஸ்வரன் கோயில், அதைச் சுற்றி நம் ஆட்கள் ஒரு நூறு வீடு. நான் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அக்காவின் மகனுக்கும் என் தம்பி மகனுக்கும் ஒரே பலகையில் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது போன மாதத் திருவிழாவில். கூழ் ஊற்றும் இடத்தில் பெரியவர் ஒருவர் அந்த அக்காவைப் பார்த்து, “உன் பிள்ளை பட்டாளத்துல இருக்கான், நம்ம ஜனத்துக்கே பெருமைம்மா. நேதாஜி காலத்துல நம்ம ஆளுங்க போனாங்களே, அந்த மாதிரி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க தாத்தாகூடப் போனவர்தானே டீச்சர்?” என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நான் ஆட்டிய தலை இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

தாத்தா போன பட்டாளம்

எங்கள் கூடத்தில் இரண்டு படம் இருக்கிறது. ஒன்று முருகன். இன்னொன்று தாத்தா. உடுப்போடு எடுத்த படம் அல்ல, அதெல்லாம் 1945-லேயே எரித்தாயிற்று. அறுபது வயதில் லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக எடுத்தது. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் “நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், ஐ.என்.ஏ.வில் இருந்தவர்” என்று சொல்லித்தான் அந்தப் படத்தைக் காட்டுவோம். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. தாத்தா இம்பால்வரை நடந்தார், சிந்த்வின் ஆற்றை நீந்திக் கடந்தார் என்றெல்லாம் என் சித்தப்பா சொல்வார். உண்மையில் தாத்தா ரங்கூனைத் தாண்டிப் போகவே இல்லை.

1944 ஜனவரியில் நேதாஜி தன் தலைமையிடத்தை சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்கு மாற்றினார். தாத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நேதாஜி இந்துஸ்தானியில் பேசப் பேச, தமிழில் ஒருவர் எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தாராம். “பாதி புரிஞ்சுது, பாதி புரியல. ஆனா கை தானா மேல போச்சு” என்பார் தாத்தா. கை தூக்கின அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சொன்னதும் பாட்டி அழுதிருக்கிறார். கல்யாணமாகி நாலு மாதம்தான். அழுது முடித்துவிட்டு, அடுத்த வாரம் பெண்கள் எல்லாரும் நகை கொடுக்கப் போனபோது தன் இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லையே, ஏன் கொடுத்தீர்கள் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டேன். “அவரே போறாரு, வளையல் என்ன வளையல்” என்றார்.

பயிற்சி முகாமில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் கஷ்டம் மொழி. கட்டளை எல்லாம் இந்துஸ்தானி. ‘தாஹினே முட்’ என்றால் வலது பக்கம் திரும்ப வேண்டும். தோட்டத்திலிருந்தும் மில்லிலிருந்தும் வந்தவர்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். அடுத்த கஷ்டம் பூட்ஸ். வெறும் காலோடு வளர்ந்த தாத்தாவுக்குக் கட்டை விரல் நகம் இரண்டும் பிய்ந்து போய்விட்டன. திரும்ப முளைத்தது கோணலாக, கொம்பு மாதிரி தடித்து முளைத்தது. அந்த நகத்தை வெட்ட முடியாது. மாதம் ஒருமுறை வெந்நீரில் காலை ஊறவைத்து, மரக்கடையிலிருந்து வாங்கிய உப்புத்தாளால் நான்தான் தேய்த்துவிடுவேன். “பட்டாளத்துல முதல் எதிரி பூட்ஸ்தான். வெள்ளைக்காரன் அப்புறம்தான்” என்பார் அப்போது.

1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனைவிட்டுக் கிளம்பினார். ஜான்சி ராணிப் படைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, சித்தாங் ஆற்றைக் கடந்து, மோல்மேன் வழியாகப் பாங்காக்குக்கு. அதாவது எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போயிருக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் ஏற்கெனவே நகரத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் படை மே 3-ந் தேதிதான் உள்ளே வந்தது. இடையில் இருந்த அந்த நாட்களில் ரங்கூனில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ள ஐ.என்.ஏ.வினர் 5,000 பேருக்கு மேல் விட்டுவைக்கப்பட்டார்கள். தலைமை மேஜர் ஜெனரல் லோகநாதன், நம் ஆள். தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரு தெரு முனையில் துப்பாக்கியோடு நின்றார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இரண்டு நாள் ஒரு செட்டியார் கிட்டங்கி வாசலில் நின்றதாகவும், பசிக்கு ஒரு பர்மியக் கிழவி மொகிங்கா கொண்டுவந்து கொடுத்ததாகவும் சொல்வார். அதுதான் அவர் பார்த்த யுத்தம்.

இன்னொன்றையும் சொல்வார். அந்த வருஷம் மார்ச் மாதம் ஆங் சானின் பர்மியப் படை ஜப்பானுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஐ.என்.ஏ.வோ ஜப்பானோடு சேர்ந்த படை. அப்படியிருந்தும் பர்மியர்களோடு சண்டைக்குப் போக நேதாஜி சம்மதிக்கவில்லை. “இவங்க ஊர்ல இருந்துகிட்டு, இவங்க சோத்தைத் தின்னுகிட்டு, இவங்க மேல துப்பாக்கி நீட்டக் கூடாதுன்னாரு” என்று தாத்தா சொல்லும்போது குரல் மாறும். 1964-ல் அரசுடைமையாகிக் கடைகள் பறிபோய், நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கப்பலேறியபோது தாத்தாவின் அண்ணன் தம்பி எல்லாரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. 1972-க்கு அப்புறம் இந்தியாவில் தியாகி பென்ஷன் வந்தது. திருச்சிக்குப் போன அவருடைய கூட்டாளி ஒருவருக்குக் கிடைத்தது, இவருக்கு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. நானே கையைத் தூக்கினேன், நானே போனேன், நானே திரும்பி வந்தேன் என்ற நிம்மதி அவர் முகத்தில் கடைசிவரை இருந்தது.

வாளியில் கிடந்த பேர்

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் மக்கள் ராணுவச் சேவைச் சட்டம் எழுதப்பட்டது 2010-ல். பதின்மூன்று வருஷம் அது காகிதத்திலேயே இருந்தது. 2024 பிப்ரவரி 10-ந் தேதி ராத்திரிச் செய்தியில் அமலுக்கு வருகிறது என்று சொன்னார்கள். ஆண்களுக்குப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து, பெண்களுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தேழு. இரண்டு வருஷம், நெருக்கடி காலத்தில் ஐந்துவரை நீளலாம். போகாவிட்டால் மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஜெயில். மறுநாள் காலையில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ரேடியோ பாடவில்லை. அடுத்த வாரமே பாஸ்போர்ட் ஆபீஸ் வாசல்களில் கூட்டம் நெரிந்தது. மண்டலேயில் அந்த நெரிசலில் இரண்டு உயிர் போனது. வீட்டில் பையன் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினோம்: அனுப்புவதா, ஒளிப்பதா, எங்கே?

என் தம்பி மகனுக்கு அப்போது இருபத்தொன்று. அவன் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என் கையில் வளர்ந்தவன். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. சாயங்காலமானால் இட்லிக்கார அக்காவின் மகனோடும் மற்றப் பையன்களோடும் கோயில் திடலில் பிரம்புப் பந்து, நாங்கள் சின்லோன் என்போம், அதைத் தட்டிக்கொண்டிருப்பான். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே கால் அளவு. பள்ளிக்கூட நாளில் ஒரு ஜோடி நல்ல செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள்.

ஆகஸ்ட் மாதம், அடைமழை. வார்டு ஆபீசில் குலுக்கல் என்று சொல்லியனுப்பினார்கள். நானும் தம்பியும் போனோம். பெயிண்ட் டப்பா அளவில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. அதில் நாலாக மடித்த சீட்டுகள். சுற்றி நின்ற தாய்மார் எல்லாரும் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது சீட்டைப் பிரித்து வாசித்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. யாரோ ஒரு பர்மியப் பையன் என்று நினைத்தேன். தம்பி என் முழங்கையைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர். வீட்டுப் பேரைச் சொல்லி இருபத்தொரு வருஷம் கூப்பிட்டதில், அட்டைப் பேர் அவனுடையது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அந்த இரண்டு நொடி எனக்கு இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ‘அப்பாடா, வேறு யாரோ’ என்ற நிம்மதி அது.

அட்டை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் அட்டைக்கு நிறம் உண்டு. ரோஸ் என்றால் முழுக் குடிமகன், நீலமும் பச்சையும் அதற்குக் கீழே. பட்டா மாற்றப் போனாலும் பாஸ்போர்ட்டுக்குப் போனாலும் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பார்கள். என் தம்பி மகனுடையது நீலம். அன்று அந்த ஆபீசில் யாரும் நிறம் கேட்கவில்லை.

ஏற்பாடு

குலுக்கல் முடிந்து மூன்றாம் நாள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். யார் என்று சொல்லமாட்டேன். பையனே போகவேண்டும் என்று கட்டாயமில்லை, பேருக்கு ஒரு ஆள் போனால் போதும், பல வார்டுகளில் இப்படித்தான் நடக்கிறது என்றார். ஆளுக்கு எண்பது லட்சம் சாட் (பர்மியப் பணம்). பாதி முன்பணம். ‘ஏற்பாடு’ என்ற சொல்லை அன்று எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணியிருந்தால் இருபதைத் தாண்டியிருக்கும். கல்யாண ஏற்பாடு, காது குத்து ஏற்பாடு என்று சொல்லும் அதே சொல்.

பாட்டி 1944-ல் வளையலைக் கொடுத்த பிறகு, பத்து வருஷம் கழித்து ஒரு நல்ல வெள்ளாமையில் தாத்தா மறுபடி நாலு வளையல் செய்து போட்டார். அது என்னிடம்தான் இருந்தது. ரங்கூனுக்கு ரயில் பிடித்துப் போய் விற்றுவிட்டு வந்தேன். கடைக்காரர் உரைகல்லில் உரசிப் பார்த்து, “பழைய தங்கம், நல்லா இருக்கு” என்றார். மீதிக்குத் தம்பி கடன் வாங்கினான். பணத்தைக் கொடுக்கும்வரை நான் ஆளைப் பற்றிக் கேட்கவே இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். யார் போகிறான் என்று கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

லாரி வரும் அன்று காலையில்தான் தெரிந்தது. இட்லிக் கடை மூடியிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் நுரையீரல் நோயில் கிடக்கிறார், கடன் கழுத்துவரை. மகனே போய்ப் பேர் கொடுத்திருக்கிறான். எங்கள் வீட்டுக்காகப் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். அந்த எண்பதில் முப்பத்தைந்துதான் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நான் அப்புறம் தெரிந்துகொண்டேன்.

என் தம்பி மகன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தெருவில் பேச்சுக் கேட்டு வெளியே போனவன் திரும்பி வந்து கூடத்தில் நின்றான். சட்டைப் பித்தான் பாதி போட்டபடி இருந்தது. “அத்தை, என் பேர்தானே வந்துச்சு?” என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். “அப்ப அவன் ஏன் லாரில உக்காந்திருக்கான்?” அவன் கத்தவில்லை. டியூஷனில் கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பையன் காது கொடுக்காமல் வாசலுக்குப் போனான். நான் ஓடிப்போய்க் கதவை அடைத்து முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். அவன் நினைத்திருந்தால் என்னை ஒதுக்கித் தள்ளியிருக்கலாம், சின்லோன் ஆடுகிற உடம்பு. தள்ளவில்லை. லாரி சத்தம் தேய்ந்து மறையும்வரை இருவரும் அப்படியே நின்றோம். எதிரே சுவரில் தாத்தா படம்.

இரண்டு குடும்பத்துக்கும் நல்லதுதானே என்று தெருவில் சொல்கிறார்கள். உன் பிள்ளை பிழைத்தான், அவர்கள் கடன் அடைந்தது. என் தம்பிகூட அப்படித்தான் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறான். எனக்கு அது இறங்கவில்லை. அவனுக்குப் போக விருப்பமில்லை, என் பிள்ளைக்கும் விருப்பமில்லை, எந்த வீட்டுக்கும் விருப்பமில்லை. அப்படியிருக்க, கடைசியில் போகிறவன் யார் என்பதைத் தீர்மானித்தது எங்கள் வீட்டு வளையல்தான். முன்பு பட்டாளம் போர்ட்டர் பிடிக்கிற காலத்தில் எங்கள் ஊர் ஆண்கள் கரும்புக் காட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள், அகப்பட்டவன் மூட்டை சுமப்பான். அப்போதும் காசு இருந்தவன் அகப்பட்டதில்லை என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை ஊர் நிலவரம் என்று கேட்டுக்கொண்டேனே தவிர, அந்தக் காசுக்காரர் வரிசையில் ஒருநாள் நானும் நிற்பேன் என்று நினைக்கவில்லை. என் பிள்ளையை லாரியில் ஏற்றியிருக்க வேண்டும் என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. இன்றைக்கு மறுபடி அந்த ஆள் வந்து நின்றாலும் நான் வளையலைத் தேடி ஓடத்தான் செய்வேன். அதனால்தான் பெரியவர் சொன்னது எனக்கு அவ்வளவு வலித்தது. தாத்தா தன் சொல்லுக்குப் போனார். இந்தப் பிள்ளை எங்கள் பயத்துக்குப் போயிருக்கிறான். தாத்தாவுக்குப் பர்மியன் மேல் துப்பாக்கி நீட்டாதே என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். இவன் எந்த ஊரில் யார் முன்னால் நிற்கிறான் என்பது அவன் அம்மாவுக்கே தெரியாது. இரண்டையும் ஒரே ‘பட்டாளம்’ என்ற சொல்லில் போட்டு மூடிவிட்டு, பெருமை என்று நாம் சொல்லக் கூடாது. திருவிழா அன்று அந்த இடத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நூல்

மாதம் ஒருமுறை அவன் யாருடைய போனிலிருந்தாவது அம்மாவைக் கூப்பிடுவான். இரண்டு மூன்று நிமிஷம். சோறு உண்டு, பருப்பு தண்ணீராக இருக்கிறது, பயிற்சி முடிந்தது, வேறு இடம் மாற்றிவிட்டார்கள். இவ்வளவுதான் தெருவுக்குத் தெரிய வரும். எனக்கு அக்கா நேரே சொன்னதில்லை.

போன வாரம் புதன்கிழமை, எட்டு இட்லியை மடித்துக் கொடுத்தவர் கையை எடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிடித்தபடியே, “காலு வீங்கிருக்காம்” என்றார். எனக்கு யார் என்று கேட்கத் தோன்றவில்லை. “குடுத்த பூட்ஸ் சின்னதாம். மாத்திக் கேட்டா ஏசுறாங்களாம். நகம் ரெண்டும் கறுத்துப்போச்சாம் டீச்சர்.” அவ்வளவு சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை வைத்துவிட்டுத் தம்பி மகனிடம் சொன்னேன். லாரி போன நாளிலிருந்து அவன் அந்தக் கடை இட்லியைத் தொட்டதில்லை, அந்தப் பக்கம் நடந்ததும் இல்லை, வேலைக்குப் போக மறு தெருவைச் சுற்றித்தான் போவான். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நான் பின்னாலேயே போனேன். கூட்டம் கலைந்திருந்தது. அக்கா தட்டுகளை அலசிக்கொண்டிருந்தார். இவன் போய் எதிரே நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். “அத்தை சொன்னாங்க. ஒரு ஜோடி பெரிசா வாங்கி அனுப்பலாம். அந்தப் பக்கம் போற டிரைவர் ஒருத்தர் எனக்குத் தெரியும். கேட்டுப் பாக்கறேன்” என்றான். குரல் உடைந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, பொட்டலம் கட்டும் நூல்கண்டை எடுத்தார். “உனக்கும் அவனுக்கும் ஒரே அளவுதானே. காலை வை” என்றார். அவன் செருப்பைக் கழற்றி, ஈரமான படிக்கல்லில் வலது காலை வைத்தான். அக்கா குனிந்து குதிகாலில் நூலை அழுத்திப் பிடித்து, கட்டை விரல்வரை இழுத்து, அதற்குமேல் ஒரு விரற்கடை விட்டு, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார்.